முதுகில் நீலக்கோடு

என் சகலையைப் பற்றி எழுதுகிறேன். நல்லவிதமாக எழுதச் சொல்லி வீட்டுக்காரி உத்தரவு. பார்ப்போம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உச்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கப்பலில் கன்டெய்னர் ஏற்றுவார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட எட்டு வயது இளையவர், தலையில் முடி அப்படியே இருக்கிறது. மாமனார் வீட்டில் நல்ல நாற்காலி அவருக்குத்தான். நான் ஆடு வளர்ப்பவன், சட்டையில் வாடை அடிக்குமாம்.

இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்த கிரேனை இனி ஒருவரே நாள் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லப்போக, துறைமுகத்தில் வேலைநிறுத்தம். கப்பல் நகரவில்லை. இறைச்சி ஏற்றுமதிக் கம்பெனியின் குளிரறை நிரம்பிவிட்டது, ஆடு கொண்டுவர வேண்டாம் என்று போன் வந்தது. என் பட்டியில் நூற்றிருபது கிடாக்கள் தயார். நாற்பத்தைந்து கிலோவைத் தாண்டினால் கம்பெனி தொடாது. வெளிநாட்டுக் கடைக்கு ஒரே அளவுத் துண்டு வேண்டுமாம். கிடாவுக்கு வேலைநிறுத்தம் தெரியுமா? தின்கிறது, வளர்கிறது. தீனியைக் குறைத்தால் சதை வற்றும், அதையும் எடுக்க மாட்டார்கள்.

இந்த நேரம் பார்த்து வந்து இறங்கினார் சகலை.

"வீட்டுல சும்மா உக்கார முடியல அண்ணே. ஏதாவது வேலை குடுங்க."

"கப்பலை நிறுத்துனது பத்தலையா? என் பட்டியையும் நிறுத்த வந்தீங்களா?"

சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மூன்றே நாளில் கிடாக்கள் அவர் பின்னால் ஓடின. இருபது வருஷமாகத் தீனி போடுகிறவன் நான். ஒரு கிடாவை அள்ளித் தூக்கி, "நாப்பத்திரண்டரை" என்றார். தராசில் ஏற்றினேன். நாற்பத்திரண்டரை. கிரேன் ஏறும் முன்பு பத்து வருஷம் மூட்டை தூக்கிய கை.

"நீங்க ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்கீங்களா?" என்றாள் என் மனைவி.

நூற்றிருபதையும் தூக்கிப் பார்த்து, முப்பத்தாறின் முதுகில் நீலச் சாயத்தால் கோடு போட்டார்.

"இதுங்கள இன்னைக்கே உள்ளூர் கறிக்கடைக்குத் தள்ளிடுங்க அண்ணே. வெலை கொறச்சல்தான். ஆனா பேச்சுவார்த்தை இன்னும் ஒரு வாரம் இழுக்கும், இதுங்க நாப்பத்தஞ்சுக்குள்ள தாங்காது. மத்தது தாங்கும்."

எனக்கும் அதேதான் தோன்றியது. அவர் வாயிலிருந்து வந்ததும் பிடிக்காமல் போயிற்று.

"கிரேனை நீங்க பாருங்க. ஆட்டை நான் பாத்துக்கறேன்."

"தம்பி சொல்றதுல என்ன தப்பு?" என்றாள் மனைவி. அனுப்புவதாக இருந்தாலும் அதற்கப்புறம் அனுப்பியிருக்க மாட்டேன்.

கோடு போட்ட ஒன்பதாம் நாள் சமாதானம் ஆயிற்று. கிரேனுக்கு இரண்டு பேர் என்பதே நிலைத்தது, சங்கத்தில் சகலைக்கும் மாலை போட்டார்கள். மறுநாள் லாரி பிடித்துக் கிடாக்களை ஏற்றினேன். லீவு போட்டுவிட்டு அவரும் கூட வந்தார், யார் கூப்பிட்டது?

கம்பெனி வாசலில் எடை போடுகிறவர் ஒவ்வொன்றாக நிறுத்தி, கூடுதலானதை இடப்பக்கத் தடுப்புக்குள் விட்டார். கடைசியில் அங்கே முப்பத்தாறு நின்றன. எல்லா முதுகிலும் நீலம். நான் வலப்பக்கத் தடுப்பை இரண்டு தடவை சுற்றி வந்தேன், ஒரு நீலக்கோடாவது தென்படாதா என்று. ஒன்றே ஒன்று அங்கே நின்றிருந்தால் போதும், மற்ற நஷ்டத்தைத் தாங்கியிருப்பேன். இல்லை.

சகலை திரும்பக் கொண்டுபோக லாரிப் பலகையைச் சாய்த்துவிட்டு, முன்னால் ஏறினார். முப்பத்தாறும் அவர் பின்னாலேயே ஏறின. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.