உயிலில் இல்லாத மகன்

இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில் நான் வேலை செய்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் வருடக்கணக்காக ஒருவரும் சாப்பிட்டதில்லை. அது முழுக்க வீட்டுக்காரியான சின்யோராவின் கடதாசிகள். அவர் அமெரிக்கப் பெண். பலெர்மோக்காரர் ஒருவரை மணந்து இங்கேயே தங்கி, அவரும் காலமான பிறகு, எழுபது வயதுக்கு மேல் தன் வம்சத்தைத் தேடத் தொடங்கியிருந்தார். மேசையைத் தொடக்கூடாது என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் உத்தரவு. துப்புரவு செய்ய வந்தவளுக்கு இப்படி ஓர் உத்தரவு. நானும் கடதாசிகளைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தேடியது ஒரேயொருவரின் தகப்பனை. அமெரிக்காவை ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் வெர்ஜீனியாவில் புகையிலை பயிரிட்ட ஒரு மூதாதை. அந்த மனிதரின் மனைவி தெரியும், பிள்ளைகள் தெரியும், காணி தெரியும். யாருக்குப் பிறந்தவர் என்பது மட்டும் தெரியாது. அதே ஊரில் அதே குடும்பப் பெயரோடு ஒரு பெரிய காணிக்காரர் இருந்திருக்கிறார். அவர்தான் தகப்பன் என்று சின்யோரா நம்பினார். தேவாலயப் பதிவுகள் தீயில் போய்விட்டதால், காணிக்காரரின் உயிலைக் கேட்டு எழுதிவிட்டு அதன் பிரதிக்காகக் காத்திருந்தார்.

எனக்கு இதெல்லாம் வேலையில்லாதவர்களின் வேலையாகத்தான் பட்டது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. என் கணவர் மொரீஷியஸ் தமிழர். பலெர்மோவில்தான் சந்தித்தோம், நாங்களாகவே முடிவெடுத்துக் கலியாணம் செய்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா கேட்ட கேள்வி, "அவன்ரை பூட்டன் ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?" என் கணவருக்கே தெரியாது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்த ஒருவர், அவ்வளவுதான். அந்த ஒரு பூட்டனுக்காக அப்பா என்னைக் கைகழுவினார். நான் எழுதிய எதற்கும் பதில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தமிழ்க் கடைக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போனேன். பாரிசிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகையைக் கடைக்காரர் எனக்காக எடுத்து வைத்திருந்தார். அவர் எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர்.

"பிள்ளை, உதிலை இருந்து ஆறுதலாய்ப் பார்" என்று கதிரையைக் காட்டினார்.

அப்பாவின் படம். இடம்பெயர்ந்து போன வன்னியில் காலமாகியிருந்தார். எங்கள் மரண அறிவித்தல்களில் யாரையும் விடமாட்டார்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, மருமக்கள், பேரப்பிள்ளைகள், யார் எந்த நாட்டில் என்பது வரைக்கும் இருக்கும். பெரிய அண்ணை இருந்தார், லண்டன். சின்ன அண்ணை இருந்தார், கனடா. தங்கச்சி இருந்தாள். சகலனின் பெயர்கூட இருந்தது. என்னைக் காணவில்லை. திரும்பவும் மேலேயிருந்து வாசித்தேன், அப்போதும் காணவில்லை. அப்பா செத்ததற்கு முதலில் அழுதேனா, பெயர் இல்லாததற்கு அழுதேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அன்றைக்கே லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா உயிரோடை இருக்கேக்கையே உன்னை மகள் எண்டு சொல்லேல்லை. நான் என்னெண்டு போடுறது?" என்றார் பெரிய அண்ணை.

"நான் வேறை ஆற்றை பிள்ளை, அண்ணை?"

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போனால், மேசையில் உயிலின் பிரதி கிடந்தது. சின்யோரா கடதாசிகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். உயிலில் நான்கு மகன்களின் பெயர் இருக்கிறது, நம்முடையவர் இல்லை, இத்தனை காலமும் பிழையான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன் என்று அமைதியாகச் சொன்னார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "பேர் இல்லாட்டி மகன் இல்லையோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப் பார்த்தார். இத்தாலியனில் திரும்பச் சொன்னேன். சொன்னது போதாமல் கைப்பையிலிருந்த பத்திரிகைத் துண்டை எடுத்து அவருடைய உயிலுக்கு மேலேயே வைத்தேன். இது என் அப்பா, இது அண்ணை, இது மற்ற அண்ணை, இது தங்கச்சி என்று விரலை ஓட்டிக் காட்டினேன்.

"உன் பெயர் எங்கே?"

"இல்லை."

அவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நல்ல மனுஷி. கதிரையில் உட்கார்ந்து இரண்டு கடதாசிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "விடப்பட்டவனைத் தேடிப் பயனில்லை. எழுதப்பட்டவர்களைத் தேட வேண்டும்" என்றார். நான்கு மகன்களும் பின்னாளில் காணி வாங்கியிருப்பார்கள், விற்றிருப்பார்கள். அந்தக் காணி உறுதிப் பத்திரங்கள் எல்லாவற்றின் பிரதியும் வேண்டுமென்று அன்றைக்கே கடிதம் எழுதினார். நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.

அதற்குப் பிறகு பொறுமை இழந்தது நான்தான். தபால்காரன் மணி அடித்தால் அடுப்பை விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன். முதல் மகனின் உறுதிகளில் ஒன்றுமில்லை. இரண்டாமவர் ஒன்றையும் விற்கவேயில்லை. கோடை முடிகிற நேரத்தில் மூன்றாம் மகனுடையது வந்தது. காணியின் எல்லைகளைச் சின்யோரா உரக்க வாசித்தார். வடக்கே ஆறு, தெற்கே பாதை. கிழக்கே, எங்கள் தகப்பன் உயிரோடிருக்கையில் என் சகோதரனுக்குக் கொடுத்த காணி. பக்கத்தில் அந்தச் சகோதரனின் பெயர். நம்முடையவரின் பெயர்.

தன் பங்கை ஏற்கெனவே வாங்கியிருந்ததால் உயிலில் இல்லை, அவ்வளவுதான் விஷயம். சின்யோரா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு மேசையை ஒதுக்கச் சொன்னார். கபோ சந்தையில் நான் வாங்கி வந்த மீனைச் சமைத்து இரண்டு பேரும் அதிலேயே சாப்பிட்டோம்.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நெருங்கியது. நான் அந்தக் கடைக்குப் போனேன். பாரிஸ் பத்திரிகைக்கு அறிவித்தல் அனுப்புகிறவரும் அந்தக் கடைக்காரர்தான். அப்பாவின் படத்தைக் கொடுத்தேன். பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெரிய அண்ணை, லண்டன். சின்ன அண்ணை, கனடா. அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"பிள்ளை, அவையள் உன்னை விட்டவையெல்லோ. அவையின்ரை பேரும் போடவோ?"

"ஓம், போடுங்கோ. பிறகு தேடுற சனத்துக்கு அவையும் வேணும்."

அவருக்கு விளங்கியதா தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுதினார். "அப்ப உன்ரை பேரைக் கடைசியிலை போடுறன், என்ன?"

"இல்லை. தங்கச்சிக்கு முன்னாலை போடுங்கோ. நான் மூண்டாவது பிள்ளை."