யாருக்கும் கொடுக்கலாம்

மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடி வீடு ஒன்றில் பதினான்காவது மாடியில் குடியிருக்கும் நல்லமுத்து, அறுபத்திரண்டு வயது வரை ஒரு பரிசுப் பெட்டியைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. பிரிக்காமல் வைத்ததோடு விட்டாரா? விடவில்லை. முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனிதர் ஆயிற்றே! வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டுவார். யார் கொடுத்தது, உள்ளே என்ன, அதை என்ன செய்யலாம் என்று மூன்று வரி. உள்ளே என்ன என்பதைக் கண்டுபிடிக்கத் தாளைக் கிழிக்க வேண்டியதில்லை. காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார், அவ்வளவுதான்.

கல்யாணம், காது குத்து, வீடு குடிபுகுதல் என்று எங்கே போனாலும் அந்த இருப்பிலிருந்து ஒன்று கிளம்பும். சீட்டு எதற்கு என்றால், கொடுத்தவர் வீட்டுக்கே அது திரும்பிப் போய்விடக் கூடாதே, அதற்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இப்போது எல்லாரும் மொய்யை உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். பெட்டி வெளியே போவது நின்றுவிட்டது. கடைசி அறையில் ஐம்பத்தெட்டுப் பெட்டிகள் விட்டம் வரை ஏறி உட்கார்ந்துகொண்டன. அவற்றில் சுவர்க் கடிகாரம் மட்டும் பதினொன்று. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரே கடிகாரம் ஓடாமல் நின்று இரண்டு வருடம் ஆகிறது. இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது!

அவர் மனைவி லெட்சுமி வீட்டில் தையல் வேலை செய்பவள். இடமில்லாமல் தையல் மெஷின் சமையலறையில், குளிர்பெட்டியை ஒட்டிக் கிடந்தது. யாராவது தண்ணீர் எடுக்க வந்தால் அவள் எழுந்து நின்று வழிவிட வேண்டும். ஒரு நாள் நல்லமுத்து மூன்று தடவை தண்ணீர் குடித்தார். மூன்றாம் தடவை அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, இந்த ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். அந்தப் பெட்டிங்க போவணும். இல்லன்னா நான் போறேன். கெலுகோர்ல சுபாஷினி வீட்டுல ஒரு ரூம் காலியாதான் இருக்கு. மெஷினத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

சுபாஷினி அவர்கள் மகள். பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அம்மா வருவதாகச் சொன்னதும், "எப்பம்மா வரீங்க?" என்று கேட்டவள், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது வெறும் மிரட்டல் இல்லை என்று அன்றைக்குத்தான் நல்லமுத்துவுக்குப் புரிந்தது. லெட்சுமி இல்லாத வீட்டில் உட்கார்ந்து பதினொரு கடிகாரத்தையும் குலுக்கிக்கொண்டிருப்பதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

விற்பதா, தானம் செய்வதா? விற்றுப் பார்க்கலாம் என்றுதான் முதலில் இறங்கினார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் இம்ரானை வரவழைத்தார். இம்ரான் ஒரு பெட்டியைக் கையில் எடுத்தான்.

"உள்ள என்னண்ணே?"

"அயர்ன் பாக்ஸ்."

"தொறந்து காட்டுங்கண்ணே."

"தொறந்தா அது பழைய சாமான் ஆயிரும் தம்பி. புதுசா இருக்குறப்பவே வாங்கிக்க."

"தொறக்காம எப்படிண்ணே வாங்குறது?"

"முப்பது வருசமா நான் தொறக்காமதான வெச்சிருக்கேன், எனக்கு என்ன கெட்டுப்போச்சு?"

இம்ரான் ஒரு டம்ளர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஆள விடுங்கண்ணே லா" என்று லிஃப்டைப் பிடித்தான்.

சரி, தானம். ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டார். "கடிகாரமா? ஏற்கனவே முப்பத்தொண்ணு இருக்குங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மணி காட்டுது. எந்தக் கடிகாரத்தப் பாத்துச் சாப்பாடு போடுறதுன்னு தெனம் சண்ட. அரிசி இருந்தா குடுங்க" என்றார்கள். அரிசி வீட்டில் இல்லை. மானம் போயிற்று.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஓர் அறிவிப்பைப் பார்த்தார். அன்னதானக் கூடத்துக்குக் கூரை போட, ஞாயிற்றுக்கிழமை மலிவு விற்பனை. சாமான்களைப் பக்தர்கள் தானமாகத் தரலாம். நல்லமுத்து அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டார். இவர் தானம் செய்வார், கோயில் விற்கும். அடடா! சனிக்கிழமை லாரி வைத்து ஐம்பத்தெட்டையும் அனுப்பிவிட்டு, வெள்ளை வேட்டி எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். போடுவதற்கு வீட்டில் அயர்ன் பாக்ஸ் இல்லை என்று லெட்சுமி சொன்னாள்.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார். சீட்டுகளைக் கிழிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய பெட்டிக்கு விலை பத்து வெள்ளி, சின்னதுக்கு ஐந்து என்று கோயிலில் மேசை போட்டார்கள். விலை ஒட்டும் வேலையில் லெட்சுமியும் உட்கார்ந்தாள். முதலில் வந்தவன் அவள் தம்பி தயாளன். ஒரு பெட்டியைத் தூக்கி அடியில் பார்த்தான்.

"மாமா, என்ன இது? 'தயாளன் கொடுத்தது. உள்ளே ஹாட்பாட். மலிவு சாமான். தூரத்துச் சொந்தத்துக்குத் தள்ளிவிடலாம்'னு எழுதியிருக்கு?"

நல்லமுத்துவுக்கு வேட்டி நழுவியது போல இருந்தது. "அது... ஸ்டோர்ல அப்படித்தான் எழுதுவோம், தம்பி."

தயாளன் அந்தச் சீட்டின் ஓரத்தைச் சுரண்டினான். அடியில் வேறு யாரோ எழுதிய இன்னொரு சீட்டு. அதற்கும் அடியில் இன்னொன்று. என்றைக்கோ கிழிக்க மறந்த கடைசிச் சீட்டிலும் நல்லமுத்துவின் கையெழுத்துதான். அந்த ஹாட்பாட்டை இவர் யாருக்கோ கொடுத்து, அது நாலு கல்யாணம் பார்த்துவிட்டு, தயாளன் கைவழியாக இவரிடமே வந்து சேர்ந்திருந்தது. "அப்ப மலிவு சாமான் வாங்குனது யாரு?" என்று தயாளன் கேட்க, கோயிலே சிரித்தது. பிறகு யாரும் பெட்டியின் மேல்பக்கத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் கவிழ்த்துத்தான் பார்த்தார்கள். தங்கள் பெயர் போட்ட சீட்டைத் தேடித்தேடிப் படித்து, திட்டிக்கொண்டே வாங்கினார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

லெட்சுமியும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள், ரோஜாப்பூத் தாள் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியைக் கவிழ்க்கும் வரைக்கும்.

அதில் எழுதியிருந்தது: 'லெட்சுமி கொடுத்தது. உள்ளே ஏதோ சின்னது. யாருக்கும் கொடுக்கலாம்.'

அவள் சீட்டை மெதுவாக உரித்தாள். விலை ஒட்டும் டேப்பில் ஒரு துண்டு கிழித்தாள். கணவர் பின்னால் போய், தோளில் தூசி தட்டுவது போலத் தட்டி, அந்தச் சீட்டை முதுகில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நல்லமுத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெருமையாக நடந்தார். தானம் செய்தவர் இல்லையா! அவர் போகிற பக்கமெல்லாம் ஒரு சிரிப்பு கூடவே போயிற்று. பை நிறையப் பெட்டி வாங்கியிருந்த ஓர் அம்மாள் அவர் முதுகைப் படித்துவிட்டு, மேசைக்கு வந்து கேட்டாள்.

"அக்கா, இது எவ்ளோ? நல்லா ஓடுமா?"

"யாருக்குத் தெரியும்?" என்றாள் லெட்சுமி. "முப்பது வருசமா வீட்டுலதான் இருக்கு. இன்னும் பிரிக்கல."

அப்போதுதான் நல்லமுத்து முதுகைத் தடவினார். சீட்டு கையோடு வந்தது. தன் கையெழுத்தைத் தானே படித்தார். ஒரு தரம், இரண்டு தரம். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் கூசிப் போனார். எப்போது ஒட்டினோம் என்பதுகூட நினைவில்லை. அதை நினைக்க இன்னும் கேவலமாக இருந்தது.

மேசையில் ஐந்து வெள்ளியை வைத்தார். லெட்சுமி பக்கத்தில் சீட்டு உரிந்து கிடந்த சின்னப் பெட்டியை எடுத்தார். எல்லார் முன்னாலும் ரோஜாப்பூத் தாளை டர்ரென்று கிழித்தார். தயாளன் வாயைப் பிளந்தான். உள்ளே ஒரு கேமரா, கூடவே இருபத்து நாலு படத்துக்கு ஒரு ஃபிலிம் ரோல்.

"தைச்ச காசுல வாங்குனது" என்றாள் லெட்சுமி. "மலைக்குப் போயி போட்டோ எடுக்கலாம்னு. தெனமும் ஜன்னல் வழியா மலை ரயிலப் பாக்குறோமே, ஒரு நாள் ஏறியிருக்கோமா?"

"இப்பப் போலாமா?"

"இந்த வேட்டியிலயா?"

"எந்த வேட்டியா இருந்தா என்ன! நீ கெலுகோர் போயிருவியா?"

லெட்சுமி அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி, மடித்து, பர்சில் வைத்து மூடினாள்.

சாயங்காலம் மலை உச்சியில் நல்லமுத்து படம் எடுத்தார். ரோல் தொண்ணூற்றெட்டாம் வருடமே காலாவதி. இம்ரானுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "அதுல ஒண்ணும் விழாதுண்ணே, சும்மா அமுக்குங்க" என்றிருந்தான். லெட்சுமியிடம் அதைச் சொன்னார். அப்படியிருந்தும் அவள் இருபத்து நாலு படத்துக்கும் புடவையைச் சரிசெய்து, முந்தானையை இழுத்துவிட்டு, ஒழுங்காகச் சிரித்தாள். பக்கத்தில் செல்பேசியில் படமெடுத்த பிள்ளைகள் இவர்களுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

இறங்கும் ரயிலில் கீழே ஊர் விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது அவர் மெல்லக் கேட்டார்.

"நாளைக்கு மெஷின அந்த ரூமுக்குத் தூக்கி வெச்சிரட்டுமா?"

"வெய்யுங்க."

"அப்ப அந்தச் சீட்ட கிழிச்சிப் போட்டுரு."

லெட்சுமி பர்சை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அது இருக்கட்டும். மறுபடி ஒட்ட எனக்கு எவ்ளோ நேரமாவும்?"