பேனருக்குப் பின்னால் ஒரு தோசைக்கல்

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் பார்க்காத வேலை குறைவு. பள்ளிப்பட்டில் விசைத்தறிக்கு நூல் சுற்றினேன். ஆர்.கே.பேட்டையில் செங்கல் சுமந்தேன். சலித்ததும் பஸ் ஏறிவிடுவேன். அப்படித்தான் திருத்தணியில் மலையடிவாரத்து ஓட்டல் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே மாவு அரைப்பது, வெங்காயம் உரிப்பது, சட்னி தாளிப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் பெண்கள். தோசைக்கல்லில் மட்டும் ஆண். அவருக்கு மாஸ்டர் என்று பெயர். இருபது வருடமாகச் சட்னி அரைப்பவளுக்கு அக்கா என்று பெயர்.

எனக்குக் கல்லில் நிற்க ஆசை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. நான் பாத்திரம் கழுவும் இடத்தில் எப்போதும் தண்ணீர் நின்று கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். கல் பக்கம் தரை காய்ந்திருக்கும். சம்பளமும் இரண்டு மடங்கு. முதலாளியிடம் கேட்டேன்.

"இன்னாம்மா நீ, தோசை சுடத் தெரியாத பொம்பள இருக்காளா? அதாம்மா பிரச்சன. ஓட்டல் தோசைன்னா ஆம்பள சுடணும். பொம்பள சுட்டா அது வூட்டு தோசை. வூட்டு தோசைக்கு எவன் துட்டு குடுப்பான்?"

யோசித்துப் பார்த்தேன். வீட்டில் சுட்டதற்கு எனக்கு யாரும் கொடுத்ததில்லை. திரும்பிப் பாத்திரத்துக்கே போனேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அன்றைக்கு அடிவாரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. பார்த்துப் பார்த்து அந்த நாளில் மாஸ்டர் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தார். வேறு விஷயமென்றால் முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார். முருகனைப் பார்க்க வரும் கூட்டத்தை வைத்துப் பிழைப்பவர், முருகனுக்கு நேர்ந்ததை வேண்டாமென்று எப்படிச் சொல்வார்? மஞ்சள் வேட்டி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். விடிந்து அடுப்பைப் பார்த்த பிறகுதான், கல்லில் நிற்க ஆளில்லை என்பது உறைத்து என்னைக் கூப்பிட்டார்.

"எம்மா, இன்னிக்கி ஒரு நாளு நீ நில்லு. ஆனா யாரு கண்ணுலயும் படாத."

கல் இருப்பது தெருவைப் பார்த்து. கண்ணில் படாமல் எப்படி நிற்பது? தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழா பேனரை எடுத்துவந்து குறுக்கே கட்டினார். வெளியே மகள் கைகூப்பிச் சிரித்தாள். உள்ளே நான் வேர்த்து வடிந்தேன். பேசவும் கூடாது என்றார். ஆர்டர் காதில் விழுந்ததற்கு அடையாளமாகத் தோசைத்திருப்பியால் கல்லை இரண்டு தட்டுத் தட்டவேண்டும்.

"மாஸ்டர், ரெண்டு நைஸ் தோசை!"

டக், டக்.

"மாஸ்டர், ஒரு ஊத்தப்பம்!"

டக், டக்.

பத்து மணிக்குள் கை பழகிவிட்டது. தினமும் வரும் பூக்கடைக்காரர் வெளியே சொல்வது கேட்டது: "மாஸ்டர் விரதம் இருந்துகினு சுடறாரு போல. அதான் இன்னிக்கி இந்த ருசி."

"ஆங், ஆங்," என்றார் முதலாளி.

மத்தியானம், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் பால் சுடவைக்க வந்தாள். பேனரைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"யோவ், இங்க வந்து பாரு!" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "மாஸ்டரு பொம்பள!"

அவள் இழுத்த வேகத்தில் பேனரின் ஒரு முனை அவிழ்ந்து முதலாளி மகள் தலைகீழாகத் தொங்கினாள். கடை முழுக்க என்னைத்தான் பார்த்தது. நான்கு தோசை முடித்துவிட்டுக் கை கழுவ எழுந்த ஒருவர் முதலாளியிடம் கேட்டார்: "அப்போ வெல கம்மிதானே?"

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லல? என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்ததில் எனக்குப் பேச்சு முட்டிக்கொண்டிருந்தது. "கம்மி வெலைக்கு சுடறவங்க உங்க வூட்ல இருப்பாங்கண்ணா. இங்க சாப்ட்டதுக்கு போர்டுல இருக்கறத குடுங்க."

அவர் பக்கத்தில் இருந்த மனைவி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "கம்மியா? நான் சும்மாதான் சுட்டுகினு இருக்கறேன்."

கடையே சிரித்தது. மனிதர் முழுசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் நான்கு நாள் கழித்து, கால் வீங்கி வந்து சேர்ந்தார். அதுவரை நான்தான் சுட்டேன். பேனரும் இல்லை.

"மாஸ்டர் வந்துட்டாரு. நீ பாத்திரத்துக்குப் போம்மா," என்றார் முதலாளி.

"நாலு நாளா வியாபாரம் கொறஞ்சுதா மொதலாளி?"

"சே, கொறையல."

"அப்புறம் இன்னா?"

"அவருக்குக் குடும்பம் இருக்குதும்மா."

"எனக்கு மட்டும் இன்னா, சர்க்கஸா இருக்குது?"

சிரித்தார். நன்றாகவே சிரித்தார். சிரித்துக்கொண்டே தோசைத்திருப்பியை என் கையிலிருந்து வாங்கி மாஸ்டரிடம் கொடுத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

கனகம்மாசத்திரம் ரோட்டோரக் கடை ஒன்றில் சுட ஆளில்லாமல் கல் சும்மா கிடந்தது. கடைக்கார அம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எத்தினி மணிக்கு வருவே?" மறுநாள் விடிகாலையில் நின்றேன். முதலில் வந்தவர் ஒரு லாரி டிரைவர். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர் இல்லியா?"

"நான்தான். இன்னா வேணும்?"

பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்: "அப்போ டீ மட்டும் போதும்."

"டீயும் நான்தாண்ணா போடறேன்."

உட்கார்ந்துவிட்டார்.