‘இன்னும் இருக்கு’ என்று முதலில் சொன்னவர்

எங்கள் கால்பந்து கிளப்பின் புது மைதானத்துக்கு நீங்கள் வந்தால், வீரர்கள் வெளியே வரும் வழிக்கு மேலே ஆள் உயர எழுத்தில் இரண்டே வார்த்தைகள் தெரியும்: ‘இன்னும் இருக்கு!’ பனியனில் அதுதான், தொப்பியில் அதுதான், கைக்குழந்தையின் பால் பாட்டிலில்கூட அதுதான். கிளப்புக்கு எழுபத்தைந்து வயது ஆனபோது வரலாற்று அறை என்று ஒன்றைத் திறந்தார்கள். அந்த வார்த்தைகளை முதலில் சொன்னவர் எங்கள் அந்நாள் கேப்டன் என்று அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். பொய். சொன்னவர் என் அக்கா வீட்டுக்காரர். டீ விற்றவர். அந்தப் பொய் அங்கே நிற்பதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

மாமாவுக்கு எங்கள் கிளப்பில் பதவி எதுவும் கிடையாது. முதுகில் கட்டிய தகர கேன், அதிலிருந்து இடுப்புக்கு வரும் குழாய், இடது கையில் காகிதக் கப்புகளின் அடுக்கு, அவ்வளவுதான் அவர் உடைமை. ஒரு கேனுக்கு அறுபது கப். பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் அக்கா காலையிலிருந்து டீ காய்ச்சுவாள். கேன் சூட்டில் அவர் முதுகுத் தோல் ஒரு கை அகலத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா, “இந்த மனுஷனைக் கட்டினதுக்கு அந்த கேனைக் கட்டியிருக்கலாம், சூடாவது இருந்திருக்கும்” என்பாள். அவர் அதற்கும் சிரிப்பார்.

ஒன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முப்பது வருஷம் மைதானத்துக்குள் இருந்த மனிதர் முழுசாக ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. டீ விற்பவன் ஆட்டத்தைப் பார்த்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? படிகளில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், யார் கை தூக்குகிறார்கள் என்று. மைதானம் எப்போதும் அவர் முதுகுப்பக்கம். ஜனங்களின் மூஞ்சியைப் பார்த்தே கோலா இல்லையா, யாருக்கு விழுந்தது என்று சொல்லிவிடுவார். கண்ணால் பார்த்த கோல் ஏழோ எட்டோ இருக்கும்.

கிளப்பை ஆரம்பித்தவர்கள் பஸ் டெப்போ மெக்கானிக்குகள். பஸ்ஸுக்கு அடித்த அதே பச்சை, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை, அதுதான் இன்றுவரை எங்கள் பனியன். எதிரணிக்காரர்கள் எங்களை ‘கிரீஸ் கை’ என்று கேலி செய்வார்கள். நாங்கள் அதையே பெருமையாக எடுத்துக்கொண்டோம். ஆனாலும் எங்களுக்கென்று ஒரு முழக்கம் இல்லை. மற்ற அணிகளுக்குப் பாட்டு இருந்தது, மேளம் இருந்தது. நாங்கள் ஆளுக்கு ஆள் கத்துவோம், திட்டுவோம், வீட்டுக்குப் போவோம்.

ஒரு வருஷம், லீக்கின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் கிளப்பை இழுத்து மூடிவிடுவதாக அப்போதைய முதலாளி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். டிரா செய்தால் போதும். இடைவேளை வரைக்கும் யாருக்கும் கோல் இல்லை. அதற்குப் பிறகு பத்து நிமிஷத்துக்குள் எங்கள் வலையில் இரண்டு விழுந்தது. எண்பதாவது நிமிஷம் ஆனபோது ஜனம் எழுந்து கிளம்ப ஆரம்பித்தது. நான் மூன்றாம் கேட்டில் டிக்கெட் பார்க்கும் வேலையில் இருந்தேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிய பெரிய ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

அப்போது என் கேட்டுக்கு நேர் மேல் படியிலிருந்து டெப்போ வெல்டர் ஒருவர், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவர், மாமாவைப் பார்த்துக் கேட்டார்: “என்னய்யா, முடிஞ்சுதா?”

அவர் கேட்டது டீயை. மாமா கேனை ஒரு குலுக்கு குலுக்கினார். உள்ளே சலசலவென்றது. நாள் முழுக்கக் கூவிப் பழகிய அந்தக் குரலில், “இன்னும் இருக்கு!” என்றார்.

அழுதுகொண்டிருந்த வரிசை குபீரென்று சிரித்தது. பக்கத்து வரிசையில் ஒருவன் வேண்டுமென்றே, “முடிஞ்சுதா?” என்றான். நூறு பேர், “இன்னும் இருக்கு!” என்றார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து கேள்வி, இந்தப் பக்கத்திலிருந்து பதில். மைதானமே அதிர்ந்தது. கேட் வரைக்கும் வந்த ஆட்கள் அப்படியே திரும்பி உள்ளே ஓடினார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு நானும் ஓடினேன். எண்பத்தாறாவது நிமிஷம் எங்களுக்கு ஒரு கோல். கடைசி விசிலுக்கு முன்னால் இன்னொன்று.

வெல்டர் படியிறங்கி வந்து மாமாவை கேனோடு தூக்கிவிட்டார். மூடி திறந்து மிச்ச டீ முழுக்க அவர் சட்டைமேல் கொட்டியது. “ஐயோ, விடுய்யா, என்னாச்சு? யாரு போட்டது? எப்பப் போட்டது?” என்று மாமா கத்துகிறார். அன்றைக்கும் அவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் எண்பதாவது நிமிஷம் வந்தால் மேற்குப் படி கேட்கும், கிழக்குப் படி பதில் சொல்லும். ஜெயிக்கிற ஆட்டத்திலும் கேட்போம். பிறகு அது மைதானத்தைத் தாண்டிவிட்டது. டெப்போவில் வண்டி கிளம்பாவிட்டால் கேட்பார்கள். பரீட்சையில் தவறிய பிள்ளையை அப்பன் கேட்பான். ஊரே அப்படிப் பேச ஆரம்பித்தது.

பிறகு ஒரு கம்பெனி கிளப்பை வாங்கியது. புது மைதானம், பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடிக் கவுன்டர். வெளி ஆட்கள் உள்ளே விற்கக் கூடாது என்றார்கள். மாமா சாலையோரம் நின்று விற்றார். முழங்கால் போயிற்று, அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பித்தது, கேனை இறக்கி வைத்தார். ஒரு வார்த்தை குறைபட்டுக்கொள்ளவில்லை. மைதானத்திலிருந்து முழக்கம் கேட்டால் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டுவார்.

வரலாற்று அறை வரப்போகிற செய்தியை முடிவெட்டும் கடைப் பேப்பரில் பார்த்திருக்கிறார். இடைவேளையில் உடைமாற்றும் அறையில் கேப்டன் சொன்ன வீர வார்த்தை என்று போட்டிருந்தது. இடைவேளை வரைக்கும் கோலே விழவில்லையே, அப்புறம் என்ன இழவுக்கு அப்படிச் சொல்வார்? அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, எம்பேரெல்லாம் போட வேணாம். ஒரு டீக்காரர் சொன்னதுன்னு போட்டாப் போதும்.”

“இப்ப எதுக்கு மாமா இதெல்லாம்?”

“முப்பது வருஷம் முதுகைக் காட்டிட்டு நின்னேன்டா. நானும் அங்கதான் இருந்தேன்னு ஒரு வரி இருக்கட்டுமே.”

அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. கடைசியும் அதுதான்.

அக்கா கடிதம் எழுதினாள். வரலாற்று அறைக்குப் பொறுப்பான பெண் நல்ல பெண், கடிதத்தை ஒதுக்கவில்லை. அன்று மைதானத்தில் இருந்த, கிளப்புக்குத் தெரிந்த ஆள் யாராவது ஒருவர் சொன்னால் மாற்றிவிடலாம் என்றாள். வெல்டர் போய்ச் சேர்ந்து வருஷமாகிவிட்டது. அன்று வேலை பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

அதே வாரம்தான் எங்களுக்கு ஒரு தாள் வந்திருந்தது. டிக்கெட் பார்க்க கேட்டில் மெஷின் வைக்கப் போகிறார்கள், கேட் ஆட்கள் பதினாலு பேரில் நாலு பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். யார் அந்த நாலு பேர் என்று முடிவு செய்கிற மேனேஜர் அந்த அறையிலேயே ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் கேப்டன். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். இருபது வருஷம் மேடை மேடையாகச் சொல்லிச் சொல்லி, அவருக்கே அது நிஜமாகிவிட்டது.

அந்தப் பெண் ஒலிப்பதிவுக் கருவியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். “நீங்க மூணாவது கேட்ல இருந்தீங்க இல்லையா? முதல்ல சொன்னது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும். நன்றாகத் தெரியும். மேனேஜர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் ஒன்றும் மிரட்டவில்லை, சும்மா பார்த்தார்.

“அவ்வளவு கூட்டத்துல யார் சொன்னாங்கன்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்லைங்க” என்றேன்.

சீ! இதைத் திருப்பிச் சொல்லும்போது இப்போதும் கூசுகிறது.

வெளியே வந்து நேராக மாமா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே எழுந்து நின்றிருந்தார். பாவி நான், முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “சொன்னேன் மாமா. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எழுத்துல ஆதாரம் கேக்கறாங்க.” அவர் என் தோளில் கையை வைத்தார். “விடு மாப்ளே. நீ எனக்காகப் போய்ப் பேசினியே, அது போதும்” என்றார்.

அந்த நாலு பேரில் ஒருவனாக என்னை வைத்துக்கொண்டார்கள்.

மாமா அதற்குப் பிறகு ஐந்து மாதம்தான் இருந்தார். நுரையீரலில் நீர் கோர்த்துக்கொண்டது. அந்த ஐந்து மாதமும் என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம், பக்கத்தில் யார் இருந்தாலும், “இவன்தான் என் மச்சினன். பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி எனக்காக நின்னு பேசினவன்” என்பார். முடிவெட்டுகிறவரிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸிடம் சொன்னார். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். பொய்யை இப்படி முழுசாக நம்புகிறாரே என்று அவர்மேல்கூடக் கோபம் வரும். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார்.

இரண்டு வாரம் பொறுத்தேன். சோறு இறங்கவில்லை. அக்காவிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அவள் தரையில் உட்கார்ந்து மாமாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். ஆபீசில் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா நிமிரவில்லை. “தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீ போயிட்டு வந்த மறுநாளே அந்தப் பொண்ணு இங்க வந்துச்சு. மன்னிச்சுக்கங்க, சாட்சி கிடைக்கலைன்னு சொல்லிச்சு. இவர் நம்பல. என் மச்சினன் சொன்னானேன்னார். அது நீ பேசினதைப் போட்டுக் காட்டிச்சு. ரெண்டு தடவை கேட்டார்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“அப்புறம் ஏன் அக்கா எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்னார்?”

“நானும் கேட்டேன். ‘பிள்ளைங்க படிக்குது, அவன் வேலை போயிருந்தா என்ன பண்ணுவான்? நாலு பேர் முன்னால இப்படிச் சொல்லிக்கிட்டே இருந்தா அவனுக்கும் உறுத்தாது’ன்னார். உனக்கு உறுத்தக் கூடாதாம்.” ஒரு சட்டையை மடித்து முடித்து, இன்னொன்றை எடுத்தாள்.

அவள் வாய் எப்படிப்பட்டதென்று தெரிந்துதான் போயிருந்தேன். நாலு அடி அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால் பாரம் கொஞ்சமாவது இறங்கும் என்று நினைத்திருந்தேன்.

“திட்டு அக்கா” என்றேன். “வாய்க்கு வந்தபடி திட்டிடு.”

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

“திட்ட மாட்டேன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டார்டா” என்றாள்.