வெட்டிப் போட்ட எட்டு நொடி

அந்த வீடியோவில் நான் ஒரு நீல மெத்தைமேல் உட்கார்ந்து வலது காலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பேன். தலையில் இப்போது இருப்பதைவிட முடி அதிகம். போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் யாரோ அதை மறுபடி போட்டிருந்தார்கள், முட்டி ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பகிரவும் என்று. அதில் காலை ஆட்டுகிறவன் இதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருப்பது அனுப்பியவருக்குத் தெரியாது. எங்கள் மருத்துவமனையின் இணையப் பக்கத்திலிருந்து அதை நான் நீக்கி வருடக்கணக்காகிறது. நீக்கினால் போய்விடுமா? எத்தனையோ போன்களுக்குள் புகுந்து அது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்தேன். பால்கனிக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி கையில் எடுத்தேன். வீடியோவுக்குக் கீழே ஒரு குரல் பதிவும் இருந்தது.

அப்போது சேலத்தில் ஒரு எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். எடப்பாடியிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வருகிறவர்கள் பதினைந்து நிமிடப் பயிற்சிக்காக அரை நாளைப் பஸ்ஸில் தொலைப்பார்கள். காலில் கட்டோடு டவுன் பஸ் படியேறுவதைப் பார்க்கவே எனக்குக் கால் கூசும். பெரிய டாக்டரை நச்சரித்து, பயிற்சிகளை வீடியோவாக எடுத்துப் போட அனுமதி வாங்கினேன். நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மணிக்கொரு தரம் பார்க்கிற அரிப்பு வந்துவிட்டது. அந்த வீடியோவின் கடைசியில் நான் கேமராவைப் பார்த்து, "பத்துத் தடவை போதும். காலை நீட்டிப் படுங்க. வலி கூடினா நிறுத்திட்டு எங்களைக் கூப்பிடுங்க" என்று சொல்வேன். எட்டு நொடி. சரியாக அந்த இடத்தில்தான் பார்ப்பவர்கள் அடுத்த வீடியோவுக்குத் தாவினார்கள். அதனால் வெட்டிவிட்டேன். அதன்பின் முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொண்டன. வீடியோ தானாகவே திரும்பத் திரும்ப ஓடும், எங்கே முடிகிறது என்றே தெரியாது. அந்த ஒட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நர்சுகளிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

எடப்பாடி அக்கா என்று நாங்கள் கூப்பிட்டவர் அந்தச் சமயத்தில்தான் வந்தார். விசைத்தறிப் பட்டறை ஒன்றில் நான்கு தறிகளைப் பார்த்துக்கொண்டவர். வேகத்தடையில் மொபெட்டின் பின்னாலிருந்து விழுந்து முட்டிச் சில்லு மூன்றாக உடைந்திருந்தது. கம்பி போட்டுக் கட்டினார்கள். வார்டில் இருந்த நாட்களில் அவர் என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "நின்னுக்கிட்டுத் தறி ஓட்ட முடியுமுங்களா சாமி?" முடியும் என்றேன். வீட்டுக்குப் போகும் நாளில் அவர் மகளின் போனில் வீடியோவை ஏற்றிக் கொடுத்து, "இதுல நான் எப்படிச் செய்யறேனோ அப்படியே செய்யுங்கக்கா, போதும்" என்றேன். அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஒன்பதாம் நாள் முட்டி பானை மாதிரி வீங்கி வந்து சேர்ந்தார். எக்ஸ்ரேயில் கம்பி தளர்ந்து, சேர்த்து வைத்த சில்லு மறுபடி பிளந்திருந்தது. பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். சொன்னதைக் கேட்காமல் இஷ்டத்துக்கு ஆட்டினால் இப்படித்தான் ஆகும் என்றார். அக்கா என்னைத்தான் பார்த்தார். என்ன சொல்லி அனுப்பினாய் என்று டாக்டர் கேட்டபோது, "வீடியோவுல எல்லாம் தெளிவா இருக்குங்க சார்" என்றேன். நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை என்று கேஸ் ஷீட்டில் என் கையாலேயே எழுதினேன். அவரை இரண்டாவது ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை கட்டிலருகே நின்று, எத்தனை தடவை மடக்கினீர்கள் என்று கேட்டேன்.

"எண்ணலீங்க சாமி. புள்ள போனை அரிசி டப்பா மேல சாச்சு வெச்சுட்டு வேலைக்குப் போயிரும். நீங்க மடக்குனீங்க, நானும் மடக்குனேன். வலி உசுரு போச்சுங்க. ஆனா நீங்க நிறுத்தவே இல்லீங்களே. ஓடற தறிய உட்டுப்போட்டு நாம உக்காந்துக்க முடியுமுங்களா?"

முப்பது வருடம் தறி முன்னால் நின்றவர். தறி ஓடும்வரை ஆள் நிற்க வேண்டும். நூல் அறுந்து அது நின்றால்தான் ஆளுக்கு மூச்சு விட நேரம். நான் சொன்னதை அந்த வார்டிலேயே மிகச் சரியாகச் செய்தவர் அவர்தான். வெட்கத்தில் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கேஸ் ஷீட்டை வாங்கி அந்த வரியை அடித்து, வீடியோவில் நிறுத்தச் சொல்லும் பகுதியை நான் நீக்கியதுதான் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெரிய டாக்டரின் மேசைமேல் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். "அந்தம்மாகிட்ட யார் சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எடப்பாடிக்குப் போனேன். அக்கா உட்கார்ந்தபடி, தறிக்கான சிறு உருளைகளான தார்க்கட்டைகளில் இயந்திரம் வைத்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். முட்டி ஓரளவுக்கு மேல் மடங்கவில்லை, அரை மணி நேரம் நின்றால் வீங்கிவிடுகிறது, இனி தறி இல்லை. "வாங்க சாமி, ஊடு கண்டுபுடிச்சு வந்துட்டீங்களே" என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்த வெட்டுன துண்டு இருக்குதுங்களா?"

இருந்தது. போட்டுக் காட்டினேன். போதும், காலை நீட்டிப் படுங்க என்று நான் அதில் சொன்னதும் அவருடைய கால் தானாக நீண்டது.

"இதுக்குத்தானுங்க அன்னைக்கெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ வைத்துக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நான் எடுத்த எந்த வீடியோவும் போதும் என்ற சொல் இல்லாமல் முடிந்ததில்லை. ஆனால் அந்தப் பழையதைத்தான் பிடித்து நிறுத்த வழியில்லை. எந்த ஊரில் யார் முன்னால் என் கால் ஆடிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தால், உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாமல் எழுந்துவிடுவேன்.

போன வாரம், கடைசியில், வீடியோவுக்குக் கீழே இருந்த அந்தக் குரல் பதிவைத் தொட்டேன். பல முறை பகிரப்பட்டது என்று அதன்மேல் குறி இருந்தது. பின்னால் நூல் சுற்றும் இயந்திரத்தின் இரைச்சல்.

"இந்த வீடியோ பாக்கறவங்க கேட்டுக்குங்க. பத்துத் தடவ போதுமுங்க. அப்புறம் காலை நீட்டிப் படுத்துக்கோணும். வலிச்சா உட்டுப்போடுங்க. அந்தத் தம்பி நல்ல தம்பிதான், சொல்றதுக்கு மறந்துட்டாரு, அதான் நான் சொல்றேன்."

மறந்துவிட்டாராம். நான் வெட்டியது அவருக்குத் தெரியும்.

மறுபடி ஒரு தரம் கேட்டேன். பிறகு குழுவில் அதற்குக் கீழே, "இதில் இருப்பது நான்தான். மறக்கவில்லை, வெட்டினேன். அக்கா சொல்வதைக் கேளுங்கள்" என்று எழுதி அனுப்பினேன்.