கொரின் வாஸ்கோவின் வலது பை

இரண்டாவது சுற்று முடிவதற்குள் கொரின் வாஸ்கோ பாதி ஆரஞ்சை உரித்துவிட்டாள். இடது கை ஸ்டியரிங்கில், பழம் மடியில், வலது கைக் கட்டைவிரல் தோலுக்குள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தெரு கூட்டும் வண்டி வரும். ஒரு சாரியில் நிற்கும் கார்கள் எல்லாம் அதற்குள் இடம் மாறியாக வேண்டும். எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது படுக்கையிலிருந்து ஓடி வருகிறவளுக்கு எதிர்ச்சாரியில் யார் இடம் பிடித்து வைத்திருப்பார்கள்? ஆகவே வாராவாரம் வீட்டருகே உள்ள எக்கோ பார்க் ஏரியைப் பிரதட்சிணம் செய்கிறாள். உரித்த தோலைத் துண்டு துண்டாகப் பழுப்புக் கோட்டின் வலது பைக்குள் போட்டுக்கொள்கிறாள். குப்பை போடவென்று காரிலேயே ஒரு காகிதப் பை தொங்குகிறது. அது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

இந்தத் தோல் சமாசாரம் காதல் படம் பார்க்கிறவர்கள் பலருக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஒரு சின்னப் படத்தில் இரண்டு காட்சிக்கு வந்துபோகிற வேலைக்கு அவளை எடுத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து அவள் ஆரஞ்சு தின்பதை டைரக்டர் பார்த்துவிட்டார். "அதையே கேமரா முன்னாடி பண்ணு" என்றார். படம், பனி கொட்டுகிற ஏதோ ஓர் ஊரின் திரைவிழாவில் கைதட்டல் வாங்கியது. அன்று பிடித்தது சனி. அதற்குப் பிறகு வந்த ஆறு டைரக்டர்களும் ஆளுக்கு ஒரு கூடை ஆரஞ்சோடுதான் வந்தார்கள்.

ஏழு படம். ஏழிலும் பெயர் வேறு, ஆள் ஒன்று. அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அப்பா அம்மா கிடையாது. மஞ்சள் சைக்கிள் கட்டாயம் உண்டு. நாள் முழுக்க மழையில் நனைவாள், தும்மல்கூட வராது. மனம் உடைந்துபோன ஒரு வாலிபன் வருவான். அவனுக்கு வாழக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கடைசியில் பஸ் ஏறிப் போய்விடுவாள். "ஏழு படத்துலயும் பஸ் ஏறியிருக்கேன். எந்த ஊருக்குன்னு ஒருத்தனும் எழுதல" என்பாள் கொரின். அவளுக்கு இப்போது முப்பத்தேழு வயது. வருகிற கதைகளில் எல்லாம் இருபத்தொன்பது என்றுதான் இருக்கும்.

சரி, அந்தப் படங்களைத் தூக்கி எறிந்துவிடுகிறாளா என்றால் அதுவும் இல்லை. போன கோடையில் சமையலறைக் குழாயைச் சரிசெய்ய ஒருவர் வந்தார். மலை மாதிரி ஆள். தொட்டிக்கு அடியில் தலையை விட்டபடி, இவள் முகத்தைப் பாராமலேயே சொன்னார்: "துணி துவைக்கிற கடையில நீங்க அழுவீங்களே மேடம், அந்தக் கட்டம். அதைப் பார்த்துட்டுத்தான் நான் வீட்டுக்குப் போய் அவகிட்ட மன்னிப்பு கேட்டேன். இல்லன்னா பிரிஞ்சிருப்போம்." கொரின் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வெளிச்சத்தைக் கொஞ்சம் ஆட்டாம பிடிங்க" என்றார் அவர். அவர் போன பிறகு அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தாள். கேலி செய்யத்தான் உட்கார்ந்தாள். துணி துவைக்கிற கடை வந்ததும் அவளுக்கே கண் கலங்கிற்று. தன்னைப் பார்த்துத் தானே அழுகிற கேவலம் வேறு யாருக்காவது உண்டா என்று அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

புலம்பலைக் கேட்கிறவன் பார்னபி லண்ட். மேலே சொன்ன மனம் உடைந்த வாலிபன், நான்கு படங்களில் இவன்தான். திரையில் தாடியும் தொளதொள ஸ்வெட்டருமாக, ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்குவான். நேரில் பட்டாசு; எதிராளி வாயைத் திறப்பதற்குள் நாலு விஷயம் சொல்லி முடித்திருப்பான். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரே அச்சில் வார்க்கப்பட்ட பிழைப்பைப் பற்றி அவனுக்கு ஒரு குறையும் இல்லை. "ஒரே ஒரு டோனட் நல்லாப் போடற கடைக்கு ஊரே வரிசையில நிக்குது. கடைக்காரன் சமோசா போட வரலையேன்னு அழறானா? நீ மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற?" என்று கேட்பான். அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஏஜண்ட் அனுப்பிய ஆறு பக்கக் கதை அவளை இன்னும் ஆட்டி வைத்தது. ஒஹாயோவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருத்தி. தம்பி விபத்தில் செத்துப்போகிறான். பிணத்தை அடையாளம் காட்ட இவள் போகவேண்டும். காதல் இல்லை, சைக்கிள் இல்லை. வயது என்ற இடத்தில் முப்பத்தேழு என்றே போட்டிருந்தது. அந்த எண்ணைக் கொரின் விரலால் தடவிப் பார்த்தாள். இந்த வேஷம் கிடைக்காவிட்டால் ஊரைவிட்டே போய்விடுவதென்று முடிவு செய்தாள். எந்த ஊருக்கு என்று அவளும் யோசிக்கவில்லை.

இப்போதெல்லாம் முதல் சுற்று ஆடிஷனுக்கு யாரும் நேரில் கூப்பிடுவதில்லை. வீட்டுச் சுவரில் நீலத் துணியை மாட்டி, போனை நிறுத்தி, நாமே எடுத்து அனுப்பவேண்டும். எதிராளியின் வசனத்தைப் படிக்க ஓர் ஆள் போனுக்குப் பின்னால் நிற்கவேண்டும். அவளுக்குப் பார்னபியும் பார்னபிக்கு அவளும் பல வருடமாகச் செய்துகொள்கிற உதவிதான் இது. பிணவறை அதிகாரியின் வசனத்தை அவன் படித்தான். அவள் நடித்தாள். இருவரும் சோபாவில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள்.

"இது உங்க தம்பியா?" என்கிறது அவன் குரல், மூன்று தடவை மூச்சு வாங்கி. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறாள். சரியாக இரண்டு நொடி. உதட்டோரம் லேசாகத் துடிக்கிறது. பிறகு கண்ணை உயர்த்தி, "ஆமா" என்கிறாள். இருவரும் சேர்ந்து நடித்த நான்கு படத்திலும் அந்த இரண்டு நொடிக்குப் பிறகு வந்தது எப்போதும் முத்தம்தான். பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் காதலைச் சொல்ல வெட்கப்படுவதுபோல இருந்தது காட்சி.

பார்னபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும் அளவுக்கு. பிறகு எட்டுத் தடவை எடுத்தார்கள். வேகமாக, மெதுவாக, அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு, கடைசியில் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்துகூட. எட்டிலும் அதே இரண்டு நொடி. ஒன்பதாவதில் சிரிப்பு வற்றிவிட்டது.

"நீ வீட்டுக்குப் போடா" என்றாள்.

"நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் பயமா இருக்கு."

கீழ்வீட்டில் அவாக்கியான் அம்மாள் இருக்கிறார். கோட்டுகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவர். யாராக இருந்தாலும் பெயரோடு 'ஜான்' சேர்த்துத்தான் அழைப்பார். அவர்கள் ஆர்மீனிய மொழியில் அது செல்லம். கொரின் கூப்பிட்டதும், வாயில் இரண்டு குண்டூசியோடு மேலே வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, மின்சார பில்லை வாசிப்பதுபோல அந்த வசனத்தை வாசித்தார். "இது. உங்க. தம்பியா. இங்க கையெழுத்து." அந்தக் குரலில் காத்திருப்பதற்கோ தலை சாய்ப்பதற்கோ ஒன்றுமே இல்லை. ஒரே தடவைதான் எடுத்தார்கள். முடிந்ததும் அவாக்கியான் அம்மாள் ஊசிகளை வாயிலிருந்து எடுத்து, "அந்தப் பையன் எப்படிச் செத்தான், கொரின் ஜான்?" என்று கேட்டார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது நன்றாக வந்திருக்கிறது என்று.

அதை அனுப்பிய நான்காம் நாள் ஏஜண்ட் கூப்பிட்டார். டைரக்டர் நேரில் பார்க்க ஆசைப்படுகிறாராம், செவ்வாய்க்கிழமை. ஆனால் ஒரு சந்தேகம் வைத்திருக்கிறாராம்: ஜனங்கள் இந்த முகத்தைப் பார்த்ததும் ஆரஞ்சைத் தேடுவார்களோ என்று. அந்தப் பழைய பெண்ணை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வரும்படி ஏஜண்ட் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

யாரைப் பூட்டுவது? கொரினுக்கு அந்த வாரம் முழுக்க இதே யோசனை. தோலைப் பையில் போடுவது சினிமாக்காரர்கள் கொடுத்ததல்ல, அவளுடைய அப்பா கொடுத்தது. க்ளீவ்லண்ட் நகரத்தில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஓட்டுநர் இருக்கையில் தோல் போட வேறு இடம் ஏது, சட்டைப் பைதான். பேட்டிகளில் எல்லாம் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்தபோது பேச்சோடு பேச்சாக அதைக் கேட்டாள்.

"நானா?" என்றார் அவர். "நான் ஜன்னல் வழியா வீசிடுவேன். கம்பெனியில ரெண்டு தடவை எழுதி வாங்கியிருக்காங்களே. நீ படத்துல பண்ணதுக்கு அப்புறம்தான் நானும் பையில போட ஆரம்பிச்சேன். கிளப்புல எல்லாரும் கேப்பாங்க, பண்ணிக் காட்டுன்னு."

போனை வைத்த பிறகு அவள் வீட்டுக்குள் நடந்த நடைக்குத் தரை தேய்ந்திருக்கும். கிழவருக்கு மறந்துபோயிருக்கலாம். அவளே ஒரு பேட்டியில் இட்டுக்கட்டி, அதை நம்பத் தொடங்கியிருக்கலாம். இரண்டில் எது என்று சொல்ல இனி ஆளில்லை. தன் கையைப் பார்க்க அவளுக்கே கோபமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை. டைரக்டர் இங்க்ரிட் சோமருக்கு ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். கேமராவுக்குப் பின்னால் உதவியாளராக ஒரு பெண். பிணவறை அதிகாரியாகப் படித்தவர், கையெழுத்து வாங்கியதும் தம்பியின் சாமான்களுக்கான ரசீதை நிஜமாகவே கிழித்து அவளிடம் கொடுத்தார். எழுதப்பட்ட கதையில் அவள் அதை வாங்கிக்கொண்டு நிற்கவேண்டும், அவ்வளவுதான். கொரின் தன் பழுப்புக் கோட்டோடு நின்றாள். தன் தம்பி இப்போது இந்தக் காகிதம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கை தானாக அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்தது. ஒவ்வொரு துண்டாக வலது பைக்குள் போட்டது. அப்படி ஓர் அழுகை அவளுக்கு எந்தப் படத்திலும் வந்ததில்லை. சத்தமே இல்லாத அழுகை.

உதவியாளர் களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, மன்னிச்சுக்கங்க. அந்த ஆரஞ்சு ஞாபகம் வந்துடுச்சு" என்றாள். அவள் கெட்டவள் அல்ல. அந்தப் படம் அவளுக்கு உயிர்.

இங்க்ரிட் சோமர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "அது நிஜம்" என்றார். "ஆனா தியேட்டர்ல இருநூறு பேர் இவ மாதிரிதான் சிரிப்பாங்க. கையால ஒண்ணும் பண்ணாம இன்னொரு தடவை செய்யறீங்களா?"

செய்தாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் மரக்கட்டையாகத் தொங்கின. ரசீது விரலிடுக்கில் இருந்தது.

"நல்லா இருந்துச்சு. முதல் தடவை அளவுக்கு இல்ல" என்றார் டைரக்டர். "ஆனா இதைத்தான் என்னால எடுக்க முடியும். வெள்ளிக்கிழமை கேமரா டெஸ்ட். இதே கோட்டைப் போட்டுட்டு வாங்க."

கொரின் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. பார்னபியிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் முதன்முறையாக, திரையில் வருவதுபோலவே, வாக்கியத்தைத் தொடங்கித் தொடங்கி நிறுத்தினான். புதன்கிழமை மாலை கீழே போய் ஊசியும் பழுப்பு நூலும் கேட்டாள். தானே தைத்துத் தருவதாக அவாக்கியான் அம்மாள் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். தையல் மேசையின் ஓரத்திலேயே உட்கார்ந்து, வலது பையில் கிடந்த காய்ந்த தோலையும் காகிதத் துணுக்குகளையும் வழித்தெடுத்துவிட்டு, பையின் வாயை நெருக்கமாகத் தைத்து மூடினாள். எழுந்திருக்காமல் அரைமணி நேரம் அவள் உட்கார்ந்திருந்தது அன்றுதான். "உன் தையல் பரவாயில்லை" என்றார் அவாக்கியான் அம்மாள்.

மறுநாள் வியாழன். எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓடி வந்தாள். எதிர்ச்சாரியில் இடமில்லை. ஏரியைச் சுற்றி முதல் சுற்று, இரண்டாவது சுற்று. மடியில் ஆரஞ்சு. உரித்த முதல் துண்டோடு வலது கை இறங்கிப் பை வாயில் முட்டிற்று. நூலை விரல் ஒரு தடவை தடவியது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். கொரின் ஸ்டியரிங்கை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, தோலை இடது பைக்குள் போட்டாள்.