சின்ன அறையில் சேர்ந்த சாமான்கள்

எங்கள் குழந்தை உயிரில்லாமல் பிறந்த வருடம்தான் அந்தப் பெட்டி என் கைக்கு வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. ஈப்போவில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை எனக்கு. மாற்றலாகிப் போன மலாய்க்கார அதிகாரி ஒருவர் தன் மேசையைக் காலி செய்தபோது, பிரிக்காத பிளாஸ்டிக் விமானப் பெட்டி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே சாம்பல் நிறத் துண்டுகள் சட்டம் சட்டமாக இருந்தன. ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து ஒட்டினால் ஒரு சாண் நீளத்தில் போர் விமானம் வரும்.

வீட்டில் அப்போது பேச்சு நின்றுபோயிருந்தது. என் மனைவி காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் பால்மரம் வெட்டப் போனவள். பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதமாகக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கென்று இளம்பச்சை அடித்து வைத்திருந்த சின்ன அறையை நாங்கள் இருவருமே திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் பிரித்தேன். என்னிடம் இருந்தது சவரம் செய்யும் பிளேடு, நகவெட்டி, பெட்டியோடு வந்த பசைக்குழாய், அவ்வளவுதான். இறக்கையை ஒட்டினேன். அது நிற்காமல் சாய்ந்தது. மறுபடி ஒட்டினேன். மறுபடி சாய்ந்தது. அவள் எழுந்து வந்தாள்.

"விடுங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

பால்மரம் வெட்டிப் பழகிய கை, கொஞ்சமும் நடுங்காது. பசை இறுகும்வரை இரண்டு விரலால் இறக்கையைப் பிடித்தபடி என் எதிரே உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். சும்மா பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மெல்ல மெல்லப் பேச்சு வந்தது அவளுக்கு. தோட்டத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாயைப் பற்றிச் சொன்னாள். அக்காவோடு போட்ட சண்டைகளைச் சொன்னாள். நான் துண்டுகளை வெட்டிக்கொண்டே கேட்டேன். நாங்கள் பிழைத்துக்கொள்வோம் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு வால் பகுதியை ஒட்டினோம். அவள் தன் விரலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நகம் இருந்துச்சுங்க. எல்லா விரல்லயும். நர்ஸ் புள்ளைய எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள நான் பாத்துட்டேன்."

நான் பிளேடைத் துடைத்தேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"காஞ்சிருச்சான்னு பாரு," என்றேன்.

அவள் விரலை எடுத்தாள். வால் நேராக நின்றது.

குழந்தையை அடக்கம் செய்யக் கொண்டுபோனவன் நான். துணியை விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுற்றிக் கொடுத்தது சுற்றிக் கொடுத்தபடியே மண்ணுக்குப் போனது. இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் பழைய டவுனில் இருந்த ஒரு கடைக்குப் போனேன்.

முன்பக்கம் விளையாட்டுச் சாமான்கள், பின்பக்கம் ஆணி, ரம்பம், பெயிண்ட் என்று எல்லாம் விற்கும் சீனர் கடை அது. தவுக்கேயின், அதாவது கடை முதலாளியின், அப்பா ஏதோ ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவராம். அதனால் இவர் தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் எல்லோரையும் 'நீ' என்பார்.

"ஒட்டுன இறக்கையப் பிடிச்சுக்க ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"துணி காயப்போடுற கிளிப்பு போதும்லா அண்ணே. உன் வீட்டுல இல்லையா?"

"அது வேணாம். நல்லதா வேணும்."

ஜப்பானிலிருந்து வந்த சின்ன எஃகுக் கிளிப்புகளைப் பலகைமேல் வைத்தார். முழுப் பெட்டியையும் வாங்கினேன். அடுத்த ஞாயிறு அவள் வழக்கம்போல வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டினேன்.

"இனிமே நீ கஷ்டப்பட வேணாம்," என்றேன்.

அவள் சற்று நேரம் அந்தக் கிளிப்புகளைப் பார்த்தாள். பிறகு துணி துவைக்கப் போய்விட்டாள். அந்த விமானம் முடிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்து முடித்தது அது ஒன்றுதான்.

பிறகு வாங்கத் தொடங்கினேன். அடுத்த பெட்டியைப் பிரித்ததும், பிளேடு போதாது, மாற்று அலகு போடும் கத்தி வேண்டும் என்று தோன்றியது. கத்தி வந்தபிறகு, அதை வைத்து வெட்டப் பலகை வேண்டும். மயிரிழைத் துளை போடும் கைத்துளைப்பான் வாங்கினேன். அதற்குரிய ஊசிகள் முழு வரிசையும் வாங்கினேன். அதில் இரண்டைத் தவிர மற்றவை உறையிலேயே கிடந்தன. வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் காற்றால் வண்ணம் தெளிக்கும் பேனாவைப் பார்த்தேன். ஆறு மாதம் அதே நினைப்பாக இருந்து, பினாங்கிலிருந்து வரவழைத்தேன். காற்று அடிக்கும் மோட்டாரும் வந்தது. ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அதன் சத்தத்தில் பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. உடனே நிறுத்திவிட்டேன். அதன்பின் அதை ஓட்டவே இல்லை.

ஒவ்வொரு சாமானும் கைக்கு வரும்வரை, அது வந்துவிட்டால் வேலை ஓடும் என்று உண்மையாகவே நம்பினேன். வந்தபிறகு அடுத்தது தெரியும். வைக்க இடமில்லாமல் ஒருநாள் அந்தச் சின்ன அறையைத் திறந்தேன். அவளிடம் கேட்கவில்லை. அவளும் தடுக்கவில்லை. இளம்பச்சைச் சுவரில் பலகை அடித்து, பெயிண்ட் புட்டிகளை வரிசையாக வைத்தேன்.

கடைக்காரரே ஒருமுறை என்னை நிறுத்தினார்.

"அண்ணே, போன மாசம் வாங்கின பெயிண்ட்டத் தொறந்தியா?"

"இல்ல. வேலை இன்னும் அங்க வரல."

"அப்புறம் ஏன் இன்னைக்கு அதே கலர எடுக்கற?"

நான் காசை எடுத்து நீட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் புட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

அதற்குள் என் மனைவி மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, மயிர்போன்ற கம்பிகளை இடுக்கியால் எடுத்துப் பொருத்தும் வேலை. அவளைப்போல வேகமாகச் செய்ய அங்கே ஆளில்லை என்று கூட வேலை செய்யும் பெண்கள் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை பகல் அவள் சின்ன அறைக்கு வந்து என் இடுக்கிகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க பேக்டரில இருக்கறதவிட இது நல்லா இருக்கு. இத்தனை எதுக்குங்க?"

"ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்கு."

"எது எதுக்குன்னு சொல்லுங்களேன்."

மூன்றாவது இடுக்கிவரை சொன்னேன். நான்காவதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு செய்வோமா? சின்னதா. நான் பிடிச்சுக்கிறேன்."

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இறக்கையைப் பிடித்தபடி அவள் மறுபடியும் கேட்பாள். நான் பார்த்தேனா என்று கேட்பாள்.

"முதல்ல நல்ல பசை வரணும்," என்றேன். "இப்ப இருக்கறது சரியில்ல."

அவள் இடுக்கியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாகான் செராயில் இருந்த அவளுடைய அக்காவின் கணவர் இறந்துபோனார். துணைக்கென்று போனவள் ஒரு மாதம் தங்கினாள். பிறகு வேலையை விட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டாள். எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் யாராவது வந்து சமாதானம் பேசியிருப்பார்கள். தீபாவளிக்கு நான் அங்கே போனபோது அவளே சொன்னாள்.

"அந்த ரூம காலி பண்ணுங்க. வாரேன்."

"எல்லாத்தையுமா?"

"அது சும்மா இருந்தா போதும்ங்க. ஒண்ணும் வேணாம் அதுல."

சரி என்றேன். மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். முதல் நாள் எல்லாவற்றையும் தரையில் இறக்கினேன். பசைக் குழாய்கள் கல்லாகியிருந்தன. பெயிண்ட் பாதிக்குமேல் புட்டிக்குள்ளேயே உறைந்திருந்தது. தெளிப்புப் பேனாவின் ரப்பர் குழாய் கை பட்டதும் நொறுங்கியது. இந்த ஊர் ஈரத்தில் எது தாங்கும்? பிரித்துப் பார்க்காத விமானப் பெட்டிகளைக் கரையான் அரித்திருந்தது. குப்பைக்குப் போக வேண்டியவை ஒரு பக்கம், யாருக்காவது கொடுக்க வேண்டியவை ஒரு பக்கம் என்று பிரிக்க உட்கார்ந்தேன். கையில் எடுத்த எதையும் என்னால் கீழே வைக்க முடியவில்லை. இதை வாங்காதிருந்தால் அன்றைக்கு அவளிடம் என்ன பேசியிருப்பேன் என்று ஒவ்வொன்றிலும் தோன்றியது.

இரண்டாம் நாள் கடைக்குப் போய்ச் சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த அலமாரி ஒன்றை வாங்கிவந்தேன். மூன்றாம் நாள் முழுக்க அடுக்கினேன். வரைபடத்துக்கு எழுதும் என் நல்ல கையெழுத்தில் ஒவ்வொரு இழுப்பறைக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். சாயங்காலம் அவள் சொன்னபடி பஸ்ஸில் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக அந்த அறைக்குத்தான் போனாள். வாசலிலேயே நின்றாள்.

"நல்லா அடுக்கியிருக்கீங்க," என்றாள்.

குரலில் கோபம் இல்லை. சோறாக்கினாள், சாப்பிட்டோம். காலையில் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

"என்னால முடியல," என்றேன்.

"தெரியும்ங்க. நான் உங்களக் குத்தம் சொல்லல. அங்க அக்கா இருக்கு. பேசிக்கிட்டு இருக்கோம். எனக்கு அது போதும்லா."

பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த அறுவடைக் காலத்தில் ஒருமுறை சொல்லாமல் பாகான் செராய்க்குப் போனேன். வயல்களில் அறுப்பு முடிந்திருந்தது. அக்காவும் தங்கையும் வீட்டு முன்னால் கீரை ஆய்ந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ வருடமாயிற்று. என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க. தண்ணி கொண்டாரேன்," என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல.